சின்ன மாமி மங்கவில்லை

எனக்கு எழுபத்திரண்டு வயது முடிகிறது. நான் பெற்றது ஐந்து, செத்துப்போன என் தங்கச்சி விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பிள்ளைகளை ஒருவர் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்து ஆளாக்கியவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதுவே போதும். இத்தனை வயதிலும் கண்ணை மூடினால் முதலில் வருவது என் பிள்ளைகளின் முகம் இல்லை. ஒரு பித்தளை வளையம் வலது கண்ணைச் சுற்றிப் பதிகிற குளிர்ச்சியும், அதோடு சேர்ந்து வருகிற மண்ணெண்ணெய் வாசனையும், தண்டவாளத்து கிரீஸ் வாசனையும்தான்.

ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் இருந்த ஒரு ரயில்வே கேட்டில் என் நைனா கேட்மேனாக இருந்தார். தெலுங்கு பேசுகிற ஊர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பாவும் அதற்கு முன்னால் இருந்தவர்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றி, ஓலைக்குடிசையில் இருந்து ஓலைக்குடிசைக்கு மாறி மாறியே முடிந்துபோனவர்கள். எங்கள் வம்சத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று முதலில் பார்த்தவர் நைனாதான். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் முதன்முதலாகப் பிறந்த குழந்தை என் தங்கச்சிதான். கேட்டை ஒட்டி ரயில்வே கொடுத்த அந்த ஒற்றை அறைக்கு எங்கள் வீட்டில் "கேட்டூடு" என்று பெயர். அம்மா அதன் செங்கல் சுவரைக் கையால் தடவிக்கொடுத்து நான் பார்த்திருக்கிறேன், மாட்டைத் தடவிக்கொடுக்கிற மாதிரி.

அந்த வீட்டுக்கு ஒரு டெலஸ்கோப் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்குப் பறவை பார்க்கப் பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். பகலில் ஏரியில் பறவை பார்ப்பவர், ஊர் திரும்பும் வழியில் எங்கள் கேட்டருகே உட்கார்ந்து அதே குழாயை வானத்துக்குத் திருப்புவார். இவ்வளவு நல்ல இருட்டு பட்டணத்தில் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்பார். கேட்டை மூடித் திறக்கிற இடைவெளியில் நைனாவும் பார்க்கப் பழகினார். பிறகு அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, வெளியூர் போக டாக்டர் தடுத்துவிட்டார். கடைசியாக வந்த அன்று குழாயை நைனா கையில் கொடுத்து, நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் நீ விடாமல் பார், மாதத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடு, கடல் தாண்டி இருக்கிற ஒரு சங்கத்துக்கு நான் அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது எங்கள் வீட்டில் "குழா" என்று ஆயிற்று. பழைய ஸ்லீப்பர் கட்டையில் நைனா அதற்கு மூன்று கால் செய்தார்.

அந்த நட்சத்திரத்தின் குணம் என்னவென்றால், அது பெரும்பாலான நாட்களில் இருக்காது. தை, மாசியில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே அக்கா தங்கை மாதிரி இரண்டு பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து நிற்குமே, அவற்றுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி, வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் குழாயைத் திருப்பினால் பொடிப் பொடியாகச் சில தெரியும். அதற்கு நடுவில் ஒரு காலி இடம். மூன்று மாதமோ நாலு மாதமோ அந்த இடம் காலியாகவே கிடக்கும். திடீரென்று ஒருநாள் அங்கே ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் ஜொலித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மறுபடியும் காணாமல் போவாள். அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றுகிற இரண்டு என்றும், ஒன்று தன்னிடம் இருப்பதை மற்றதன்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும், ஊற்றியது சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது பற்றி எரியும், பிறகு அடங்கிவிடும், அதனால்தான் இப்படி என்றும் பெரியவர் சொல்லியிருந்தார். நைனா அதை வந்து சொன்னபோது அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே, "இத்தச் சொல்ல பட்டணத்துலேர்ந்து ஆளு வர்ணுமா? எல்லா ஊட்லயும் புருசன் பொஞ்சாதி அப்டித்தான் கீது" என்றாள். வருவதும் போவதுமாக இருந்த அந்த நட்சத்திரத்துக்குச் "சக்களத்தி" என்று பெயர் வைத்ததும் அம்மாதான். சாயங்காலம் சோறு போடும்போது, "இன்னாய்யா, எஞ் சக்களத்தி வந்துக்கிறாளா?" என்று கேட்காமல் போட மாட்டாள்.

தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் சின்னப்பன் மாமாவும் சும்மா இருக்க மாட்டார். நைனா கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் குழாயில் கண்ணை வைத்திருக்கும்போது, "இன்னா கேட்டு, மேல ஏதாச்சும் கூட்ஸு வருதா? பாத்து மூடு, நட்சத்திரம் கிட்சத்திரம் அடிபட்டுறப் போவுது" என்று கத்திவிட்டுப் போவார்.

கேலி செய்தவர்களுக்குத் தெரியாது, அதில் எங்களுக்கு இருந்த கட்டுப்பாடு. நைனா பார்ப்பார், அப்புறம் நான் பார்ப்பேன்; எனக்கு அப்போது பத்து வயது. பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, பெருமூச்சுகூட விடக்கூடாது. பேசினால் ஒருவர் கண் மற்றவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்பார் நைனா. ஆளுக்கொரு கொட்டாங்குச்சி இருக்கும், பக்கத்தில் புளியங்கொட்டைக் குவியல். அந்தக் காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் எப்போதும் மாறாமல் நிற்கிற இரண்டு நட்சத்திரங்களுக்குப் பெரிய மாமி, சின்ன மாமி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். சக்களத்தி வந்து சின்ன மாமி அளவுக்கு இருந்தால் ஒரு கொட்டை, பெரிய மாமி அளவுக்கு இருந்தால் ஐந்து, நடுவில் இருந்தால் அதற்குத் தக்கபடி. வரவே இல்லையென்றால் கொட்டாங்குச்சி காலி. இரண்டு பேரும் போட்ட பிறகுதான் பார்ப்போம். பெரும்பாலும் இரண்டுமே காலியாகத்தான் இருக்கும். முதலில் எனக்கு அது சப்பென்று இருந்தது. எதற்கு ஒன்றுமில்லாததைத் தினமும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "காணோம்னா காணோம்னு சொல்லணும் கன்னிம்மா. அதுவும் கணக்குதான். நாம அன்னிக்கு பாத்தோம், அவ இல்லன்றது ஒரு சேதி" என்றார்.

அந்த வருடம் தை மாதம் அறுப்பு முடிந்து, வயல்கள் மொட்டையாகி, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சக்களத்தி வெகுநாளாக வரவில்லை. ஒருநாள் நைனா குழாயில் இருந்து முகத்தை எடுத்தவர் கட்டுப்பாட்டையும் மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கன்னிம்மா, சின்ன மாமி மங்குறா மே! நேத்தே பாத்தேன், இன்னிக்கி நல்லாவே மங்கிட்டா. அந்தப் பெரியவருக்கே தெரியாத விசயம்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாறவே மாறாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரம் மாறுவதை, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றியவன் மகன் கண்டுபிடித்துவிட்டான் என்கிற சந்தோஷம்.

நான் பார்த்தேன். சின்ன மாமி எப்போதும்போல இருந்தாள்.

அவளுக்குக் கொட்டை போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவள் நாங்கள் அளக்கிற படி. படியை யாராவது அளப்பார்களா? அதனால் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நைனாவுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை, என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, அம்மா அடுப்படியில் வைத்திருந்த விளக்கெண்ணெயை இரண்டு நாள் கண்ணில் தடவிக்கொண்டேன். கார்டை என்னைத்தான் எழுதச் சொன்னார். தன் எழுத்து இப்போதெல்லாம் கோணல் மாணலாகப் போகிறது என்றார். சின்ன மாமி மங்குகிறது என்று நாலாம் வகுப்பு எழுத்தில் நான் எழுதிய கார்டு போயிற்று, பதில் வரவில்லை.

மாசி பிறந்து ஒரு சாயங்காலம், அவள் வந்துவிட்டாள். குழாயில் கண்ணை வைத்தேன். காலியாக இருந்த இடத்தில் கல் வைத்த மூக்குத்தி மாதிரி பளிச்சென்று. ஐந்து கொட்டையும் போட்டேன். இரண்டு கொட்டாங்குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நைனாவுடையது காலி. அவர் சிரித்தார். "வர்ணும் வர்ணும்னு ஆசப்பட்டா அப்டித்தான் தெரியும். எனக்கே ரெண்டு வாட்டி தெரிஞ்சிக்கிது" என்றார். மறுநாளும் எனக்கு ஐந்து, அவருக்குக் காலி. அன்றைக்குச் சிரிக்கவில்லை. வைக்கோல் எரிக்கிற புகை என்றார், பனி என்றார், வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அவ செத்துட்டா. சின்ன மாமியும் பெரிய மாமியுங்கூட காணோம். மேல இன்னாவோ ஆவுது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அம்மா இடுப்பில் தங்கச்சியோடு என்னைக் கூப்பிட்டாள். "எங்கடி கீறா அவ? காட்டு." அதுவரை ஒருநாளும் அந்தக் குழாயில் கண்ணை வைக்காதவள் அம்மா. கட்டிலில் படுக்கவைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூணு சின்னதா கீது, நடுவுல ஒண்ணு பெருசா கீது, அதுவா?" என்றாள். அதுதான் என்றேன். எழுந்து உட்கார்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே நைனா சோற்றுத் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்ததும், ஸ்லீப்பர் கட்டையில் இடறி விழுந்ததும், விளக்குத் திரியை ஏற்றுவதற்கு மூன்று குச்சி செலவழித்ததும் அவளுக்கு அப்போது ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். "ஐயோ" என்று சத்தம் வராமல் சொன்னாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து, "இனிமே ஒனக்கும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லு. கொட்ட போட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. பங்குனியில் நைனாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் கண் டெஸ்ட் வரவேண்டி இருந்தது. கேட்மேனுக்குக் கண் இல்லையென்றால் கேட் இல்லை. கேட் இல்லையென்றால் அந்த வீடு இல்லை. பங்குனிக்குள் கண்ணைத் திருப்பிவிடலாம் என்று அம்மா நம்பினாள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் என்று அவர் தட்டில் குவித்தாள். எதற்கு இதெல்லாம் என்று நைனா ஒருநாளும் கேட்கவில்லை. எல்லையம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வேண்டிக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொய்யாகக் காலி காட்டவும் மனசு வரவில்லை, அம்மா கையை மீறவும் தைரியம் இல்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிக் குழாய்ப் பக்கமே போகாமல் இருந்தேன். மேகம் வர வேண்டும் என்று கும்பிட்டேன். மாசி வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட வரவில்லை. தினமும் நைனா தனியாகப் படுத்துப் பார்த்துவிட்டு, காலிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்.

அப்படி இருக்கையில்தான் அந்த டிராலி வந்தது. பொழுது இறங்கி, ஆள் முகம் மங்குகிற நேரம். வைக்கோல் வண்டி ஒன்று வந்து நிற்க, ரயில் எதுவும் இல்லையென்று நைனா கேட்டைத் திறந்தார். நான் கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். லைனைப் பார்க்கிற அதிகாரிகள் வருகிற மோட்டார் டிராலிக்கு, ரயிலுக்குப் போல முன்கூட்டி மணி அடித்துச் சொல்லும் வழக்கம் இல்லை; பார்த்து மூட வேண்டியது கேட்மேன் வேலை. சவுக்குத் தோப்பைத் தாண்டி அதன் சின்ன விளக்கு வருவது எனக்குத் தெரிந்தது. நைனா அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே வண்டிக்காரனிடம், "போ, போ" என்று கையைக் காட்டினார்.

"நைனா, லைட்டு! நைனா!" என்று நான் கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டு பின்வாங்கின. வண்டிக்காரன் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான். டிராலி எங்களைத் தாண்டிப் போயிற்று, அதில் இருந்தவர்கள் திரும்பித் திட்டிக்கொண்டே போனார்கள். "இன்னாய்யா நீ, குடிச்சிகினு கேட்டு தொறக்கிறியா? வண்டி மேல எம் புள்ளைங்க கீதுய்யா!" என்று வண்டிக்காரன் அலறினான். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத நைனா, "கம்முனு போ. நான் பாத்துகினுதான் இருந்தேன்" என்றார். அவர் கை கேட் கம்பியிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு யாரும் சாப்பிடவில்லை. நைனா குழாயை எடுத்து வைத்தார், பார்த்தார், காலிக் கொட்டாங்குச்சியைக் கட்டிலில் வைத்தார். "கழுத்து சரியாப்பூட்டுதா கன்னிம்மா? வந்து பாரு" என்றார். வாசலில் தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா நின்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கட்டிலில் படுத்துக் குழாயில் கண்ணை வைத்தேன். சக்களத்தி இன்னும் போகவில்லை. மங்கிவிட்டாள், இரண்டு கொட்டை அளவுக்கு வந்துவிட்டாள், ஆனால் இருந்தாள். பக்கத்தில் சின்ன மாமி, எப்போதும்போல.

கொட்டாங்குச்சியில் ஒரு புளியங்கொட்டை விழுகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டையும் போட்டேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நைனா குனிந்து பார்க்கவில்லை. கையை விட்டுத் தடவி எடுத்தார்.

"நெஜமாவா?"

"நெஜமா நைனா. போன வாரம் அஞ்சு இருந்துச்சு. அம்மாவும் பாத்துச்சு."

"சின்ன மாமி?"

"அப்டியே கீறா நைனா. மங்கவேயில்ல."

கொட்டை இரண்டையும் விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அந்த டிராலி லைட்டு ஒனக்கு எங்க வர்றப்போ தெரிஞ்சிது?"

"தோப்புகிட்ட வர்றப்பவே."

"வண்டி மேல புள்ளைங்க இருந்துதா?"

"ரெண்டு பேரு நைனா. ஒண்ணு செவப்பு சட்ட போட்டுகினு இருந்துது."

"காலைல ஸ்டேசனுக்கு போவணும்" என்றார். அம்மா எழுந்து வந்து அவர் காலைப் பிடித்தாள். "யோவ், பங்குனி வரைக்கும் பொறுய்யா. அம்மன் கண்ண தொறப்பா. நீ வாய தொறந்தா நாளைக்கே நம்பள தெருவுல வுட்ருவாங்க. கைக்கொயந்தய வச்சிகினு நா எங்க போவேன்? அந்தப் பொண்ண கேட்டுல நிக்க வையி, அவ பாத்து சொல்லட்டும், யாருக்கு தெரியப் போவுது?" நைனா அவள் தலையில் கையை வைத்து, "காணோம்னா காணோம்னு சொல்லணும்டி" என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தினமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

விடிந்ததும் மாற்று ஆளிடம் கேட்டை ஒப்படைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு லைன் ஓரமாகவே ஸ்டேஷனுக்கு நடந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர், எங்களைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு, "என்னய்யா, மகளோட வந்திருக்கே? உன் நட்சத்திரம் வந்துடுச்சா?" என்று சிரித்தார்.

"வந்துட்டுது சார்" என்றார் நைனா. "எனக்குத்தான் கண்ணு தெரியல."

மாஸ்டரின் சிரிப்பு எப்படி நின்றது என்பதை நான் பார்த்தேன், நைனா பார்க்கவில்லை.

கண்ணின் நரம்பு வறண்டுகொண்டே வருகிறது, திருப்ப முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டிலிருந்து எடுத்து, வேறொரு ஸ்டேஷனில் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள்; இருந்த கொஞ்சம் பார்வையும் போனபோது அதுவும் முடிந்தது. கேட்டூட்டைக் காலி செய்த அன்று சின்னப்பன் மாமாதான் வண்டி கொண்டுவந்தார். சாமான் ஏற்றுகையில் வழக்கம்போல ஏதோ கேலி பேச வாயெடுத்தவர், குழாயைக் கையில் வாங்கியதும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா சுவரைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஊட்ட கெடுத்தவளே" என்றாள். அதன் பிறகு வெகுநாள் என்னோடு அவள் பேசவில்லை. புதுவாயலில் ஓலைச் சார்ப்பு ஒன்றில் குடிபுகுந்தோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்கு மண் மிதிக்கப் போனேன். வந்த பாதையிலேயே எங்கள் வம்சம் திரும்பிப் போயிற்று. என் மகன்கள் சம்பளம் வாங்கிய பிறகுதான் அது மறுபடியும் ஒழுகாத கூரைக்கு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு புளியங்கொட்டைக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைப் போடாமல் இருந்திருக்கலாமே என்று, சூளைப் புகையில் கண் எரிந்த நாளில்கூட, நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. சிவப்புச் சட்டை போட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்தி இருப்பார்கள்.

நைனாவுக்கு முழுசாக இருட்டான பிறகும் தை, மாசி வந்தால் சாயங்காலத்தில், "வந்தாளா?" என்பார். சூளையிலிருந்து வந்த களைப்போடு நான் படுத்துப் பார்த்து, அவர் உள்ளங்கையில் கொட்டைகளை வைப்பேன். காலியாக இருந்தால் உள்ளங்கையில் விரலால் ஒரு தட்டு. ஒருமுறை ஐந்தும் வைத்தபோது, கையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனார். அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிறது.

இப்போது அந்தக் கேட் இல்லை. மேலே பாலம் போகிறது. கேட்டூடு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வந்தபோது நான் சந்தோஷப்பட்டவள்தான். என் பிள்ளைகள் மூன்று பேர் அதில்தான் சாப்பிட்டார்கள், பேத்தி மோனிஷா இப்போதும் கம்பெனி பஸ்ஸில்தான் ஷிஃப்டுக்குப் போகிறாள். ஆனால் இரும்பு உருக்குகிற வெளிச்சமும், சுற்றுச்சுவர் விளக்குகளும், புகையும் சேர்ந்து, எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வானம் செங்கல் சூளை மாதிரி சிவந்து கிடக்கிறது. சக்களத்தி எங்கேயும் போயிருக்க மாட்டாள். யாரும் பார்க்காமலேயே வந்து, எரிந்து, அடங்கிப் போய்க்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் பக்கம் முழுக்க மின்சாரம் போயிற்று. கம்பெனிப் பக்கம்கூட இருட்டாகிவிட்டது. பரணில் இருந்த குழாயை மோனிஷாவை விட்டு எடுக்கச் சொல்லி, மாடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். அக்கா தங்கை இரண்டும் எங்கே நிற்கும் என்பது என் கைக்குத் தெரியும். அந்த இடத்துக்குத் திருப்பினேன். ஒன்றுமில்லை. சக்களத்தி இல்லையென்றால் பரவாயில்லை. சின்ன மாமி இல்லை, பெரிய மாமியும் இல்லை, சாம்பல் பூசிய மாதிரி வெறும் மூட்டம்.

"கரண்டு போயும் இந்தக் கம்பெனிக்காரன் பொக வானத்த மறைக்குது பாரு" என்றேன்.

மோனிஷா குனிந்து கண்ணை வைத்தாள். "இன்னா ஆயா சொல்ற? உள்ள நெறையா கீதே! கோலப்பொடி கொட்டுன மாதிரி கீது!" என்றாள்.

பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். மிளகாயையும் சீரகத்தையும் மூக்கால் பிரிப்பது, வருகிறவர்களைச் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடிப்பது, டிவியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து கேட்பது எல்லாம் நான் வெகுநாளாகச் செய்துகொண்டிருப்பவைதான். ஏழு பேரை வளர்த்தவள் ஒருத்தரிடம் கையைப் பிடி என்று கேட்பதா என்கிற ரோஷம். நைனாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறதா, இல்லை வயசுக்கு வருகிற புரையா, எனக்குத் தெரியாது. பகல் வெயிலில், தடித்த பேனாவில், கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு இத்தனையும் எழுதிவிட்டேன். கை எழுத்தை மறக்கவில்லை. ஆனால் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால், தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

மோனிஷா வேலை முடிந்து வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. கூப்பிட்டு, இந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்து, நான் சொல்லப் போவது இதுதான்:

"இந்தா மோனிஷா, முகம் கைய கழுவிகினு வந்து இத்தக் கொஞ்சம் படிச்சிக் காட்டு. எனக்கு கண்ணு தெரியல."